இறந்த பாடகரின் குரலில் புதுப் பாட்டு: உண்மையில் பாடியவர் பெயர் எங்கே?

சுருதிபேதம் எழுதியது:

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' வந்தபோது, பாடியவர்களாக பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் பெயர்களும் இருந்தன. முன்னவர் 2022 செப்டம்பரில் காலமானவர். பின்னவர் 1990களின் பிற்பகுதியில் சாலை விபத்தில் இறந்தவர். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்துத்தான் இதைச் செய்தோம் என்று ஏ.ஆர். ரகுமான் அப்போதே சொல்லிவிட்டார். அதே ஆண்டு ஜூனில் 'கோட்' படத்தின் 'சின்ன சின்ன கண்கள்' பாட்டில் பவதாரிணியின் குரல். அவர் மறைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. செப்டம்பரில் 'வேட்டையன்' படத்தின் 'மனசிலாயோ'வில் மலேசியா வாசுதேவன். அவர் போனது 2011இல்.

செய்யலாமா கூடாதா என்று எல்லா இடத்திலும் பேசியாகிவிட்டது. நான் கேட்க வருவது வேறு. இறந்தவர் குரலில் ஒரு புதுப் பாட்டு வந்தால், ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னால் நின்று யாரோ ஒருவர் அதைப் பாடியிருக்கிறார். அவர் பெயரை எங்கே போடுவது, எப்படிப் போடுவது? நம் சினிமா இசையில் இதற்கென்று ஒரு வழக்கம் இன்னும் உருவாகவில்லை. உருவாகியே தீர வேண்டும் என்பது என் கட்சி. துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

ஏஐதானே பாடுகிறது, அப்புறம் எதற்கு இன்னொரு ஆள்? பாட்டு வரியையும் மெட்டையும் கொடுத்தால் அதுவே பாடிவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒலிப்பதிவன் எழுதியது:

வைகை தம்பி, இரண்டு தனித்தனித் தொழில்நுட்பங்கள் ஒரே பெயரில் புழங்குவதால் வரும் குழப்பம் இது. நாலு வரி எழுதிக் கொடுத்தால் இசை, குரல் எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பாட்டாகத் தருகிற சுனோ, யூடியோ மாதிரியான செயலிகள் ஒரு வகை. 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டது இவற்றின் மீதுதான். இறந்த பாடகரின் குரலைக் கொண்டுவருவதற்குப் பெரும்பாலும் பயன்படுவது வேறொன்று: குரல் மாற்றம். ஒருவர் பாடியதை இன்னொருவர் பாடியதுபோல் மாற்றித் தருவது.

வேலை பழைய பாட்டிலிருந்து தொடங்கும். குரலும் வாத்தியங்களும் ஒன்றாகக் கலந்த ஒலிநாடாதான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். அதிலிருந்து குரலைத் தனியாக உரித்தெடுக்க வேண்டும். 2019இல் டீசர் என்ற இசை ஸ்ட்ரீமிங் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டதிலிருந்து இது வீட்டுக் கணினியிலேயே நடக்கிற காரியம் ஆகிவிட்டது. டெமுக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் அதைவிட நன்றாகப் பிரிக்கும். ஆனாலும் அந்தக் காலத்து எதிரொலி குரலோடு ஒட்டிக்கொண்டே வரும். சில இடங்களில் புல்லாங்குழல் நிழல்போலக் கேட்கும். இவற்றையெல்லாம் துடைப்பதற்குத்தான் நேரம் போகும். பத்து நிமிடம் சுத்தமான குரல் கிடைத்தாலே அந்தக் குரலைக் கற்றுக்கொள்ளும் ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவித்துவிடலாம். நிறைய இருந்தால் தரமாக வரும்.

அடுத்ததுதான் முக்கியம். புதுப் பாட்டை உயிரோடு இருக்கும் ஒருவர் பாட வேண்டும். மென்பொருள் அவர் பாட்டிலிருந்து மூன்று விஷயங்களை எடுக்கும்: ஒவ்வொரு கணத்திலும் எந்த எழுத்து ஒலிக்கிறது, சுருதி எங்கே நிற்கிறது, குரல் எவ்வளவு ஓங்குகிறது. அதன்மேல் இறந்தவருடைய குரலின் நிறத்தை ஏற்றும். அவ்வளவுதான். சங்கதி, கமகம், மூச்சு விடும் இடம், தாளத்துக்குக் கொஞ்சம் முன்னே வருவது, பின்னே தள்ளுவது எல்லாமே கீழே பாடியவருடையவை. அவருக்கு ழகரம் வராவிட்டால் மேலே வருகிற குரலுக்கும் சரியாக வராது. அவர் ஒப்புக்குப் பாடினால் எந்த மகா பாடகரின் குரலை ஏற்றினாலும் பாட்டு சவமாகத்தான் கிடக்கும். இதைத் தினமும் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுருதிபேதம் எழுதியது:

ஒலிப்பதிவன் அண்ணே, இதைத்தான் எதிர்பார்த்தேன். இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பீட்டில்ஸ் குழுவின் 'நௌ அண்ட் தென்' பாட்டு 2023இல் வெளிவந்து, 2025இல் கிராமி விருதும் வாங்கியது. அதையும் ஏஐ பாட்டு என்றே எழுதினார்கள். ஆனால் அங்கே பாடியவர் அந்தக் குழுவின் மறைந்த பாடகர் ஜான் லெனன்தான். அவர் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிவைத்த கேசட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்து எடுத்தார்கள். அவர் குரலில் கேட்பதில் அவர் பாடாத ஒரு எழுத்துகூட இல்லை. நாம் பேசுவது அந்த வகை அல்ல.

நிலாக்காலம் எழுதியது:

எனக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. பம்பா பாக்கியாவின் குரல் அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும். அப்படியொரு குரலைச் சினிமா எவ்வளவு தாமதமாகக் கண்டுகொண்டது! கண்டுகொண்ட கொஞ்ச காலத்திலேயே அவர் போய்விட்டார். அவர் பாடியது இவ்வளவுதான் என்று ஏற்றுக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. கீழே பாடியவர் பெயரைப் போட்டால் மட்டும் சரியாகிவிடுமா? என்னைக் கேட்டால் அந்தப் பாட்டைப் பாடியவருடைய சொந்தக் குரலிலேயே வெளியிட்டிருக்க வேண்டும்.

வைகைக்கரையான் எழுதியது:

நிலாக்கா, பவதாரிணி பாட்டு அவருடைய சொந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. இசையமைத்தது தம்பி. அந்தப் பாட்டில் அவர் குரலைக் கேட்டு அழுதவர்களில் நானும் ஒருவன். அதை எப்படித் தப்பென்று சொல்ல முடியும்? பெயர் விஷயத்திலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பாடியது இன்னொருவர் என்று அட்டையில் போட்டுவிட்டால் கேட்கும்போது அந்த நினைப்பே வந்து நிற்காதா? அந்த மயக்கத்துக்காகத்தானே இவ்வளவு செலவு செய்கிறார்கள்?

இசைத்தட்டு எழுதியது:

வைகைக்கரையான் கேள்விக்கு நம்மிடமே பழைய பதில் ஒன்று இருக்கிறது. சிவாஜிக்குப் பாடியது டி.எம்.எஸ். என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் யார்? தெரிந்ததால் திரையில் சிவாஜி குறைந்துபோனாரா? இரண்டு பேரையும் சேர்த்தே ரசித்தோம்.

ஆனால் அந்த வழக்கமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1938இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். தமிழில் பின்னணி பாடும் முறைக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். 1945இல் 'ஸ்ரீவள்ளி' வந்தபோது ருக்மிணி நடித்த வள்ளிக்கு பி.ஏ. பெரியநாயகியின் பாட்டைச் சேர்த்தார்கள். அப்போதெல்லாம் நடிப்பவரே பாடுகிறார் என்பதுதான் ஜனங்களின் எதிர்பார்ப்பு. பின்னால் நின்று பாடுபவர் மறைந்திருக்க வேண்டியவர்.

இந்தியில் இன்னும் தெளிவான சான்று உண்டு. 1949இல் 'மஹல்' படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' இசைத்தட்டில் பாடியவர் பெயர் காமினி என்று அச்சாகியிருந்தது. காமினி அந்தப் படத்தின் கதாபாத்திரம்! பாடியவர் லதா மங்கேஷ்கர். யார் பாடியது என்று கேட்டு வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்த பிறகே அவர் பெயர் வெளியே வந்தது. ஃபிலிம்பேர் விருதுகள் 1954இல் தொடங்கின. பின்னணிப் பாடகருக்கென்று ஒரு விருது 1959இல்தான் ஏற்பட்டது. ஹாலிவுட்டும் இதற்கு விலக்கில்லை. 1964இல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலான பாட்டுகளைப் பாடிய மார்னி நிக்சனின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலில் இல்லை.

காமினி என்று அச்சடித்ததற்கும் இன்று நடப்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அன்று முகம் இருந்தவருக்குப் பெயர் போனது. இன்று குரலின் சாயல் யாருடையதோ அவருக்குப் போகிறது. மூச்சுப் பிடித்துப் பாடியவர் இரண்டு தடவையும் வெளியே நிற்கிறார்.

மழைக்குயில் எழுதியது:

இங்கே பல நாளாகப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ட்ராக் பாடுகிறவள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இசையமைப்பாளர் மெட்டமைத்ததும் பாட்டு எப்படி வரும் என்று பார்க்க முதலில் எங்களை வைத்துப் பாடவைப்பார்கள். பிறகு பெரிய பாடகர் வந்து அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவார். எங்கள் குரல் அழிக்கப்படும். எப்போதாவது, இதுவே நன்றாக இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாளுக்காகத்தான் காத்திருக்கிறோம். பலருக்குப் பெயர் கிடைத்தது இந்த வழியில்தான்.

பழைய முறையில் எனக்கு வருத்தம் இல்லை. என் சங்கதியைக் கேட்டு அந்தப் பெரிய பாடகர் பாடுவார், ஆனால் பாடுவது அவர்தானே? தன் மூச்சில், தன் யோசனையில், நான் போட்டதைவிட அழகாக ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார். அவர் பெயர் வருவது நியாயம். குரல் மாற்றம் அப்படி இல்லை. சமீபத்தில் ஓர் இடத்தில் கூப்பிட்டார்கள். இறந்துபோன ஒரு பாடகியின் பழைய பாட்டுகளை அனுப்பி, அவர் எங்கே குழைவார், எங்கே வெட்டுவார் என்று பார்த்துப் பழகி வரச் சொன்னார்கள். ராத்திரி வெகுநேரம் அதையே கேட்டுப் பழகினேன். அன்று கூடத்தில் ஒரே சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார்கள், மென்பொருளுக்கு என் மூச்சுச் சத்தம் ஒத்துவரவில்லை என்று. கடைசியில் ஒரு காகிதம் நீட்டினார்கள். என் பதிவின் மீது எனக்கு எந்த உரிமையும் இல்லை, நான் பாடியதை வெளியே சொல்லக் கூடாது, என் குரலை அவர்கள் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

கையெழுத்துப் போட்டேன். வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பாட்டு இன்னும் வரவில்லை. வந்தால் என் அம்மாவிடம்கூட நான் பாடியது என்று சொல்ல முடியாது.

நிலாக்காலம் எழுதியது:

மழைக்குயில், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. அப்படிக் குரலை மாற்றுவதே கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஆனால் நடக்கத்தான் போகிறது என்றால் பெயராவது வர வேண்டும். அதில் சுருதிபேதத்தோடு சேர்ந்து நிற்கிறேன்.

மேடைப்பாட்டு எழுதியது:

கோயம்புத்தூர்ப் பக்கம் மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். டி.எம்.எஸ். குரல், சீர்காழி குரல், எஸ்.பி.பி. குரல் என்று அச்சு அசலாகப் பாடுபவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர். கோயில் திருவிழாவில் அவர்கள் பாடினால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். அந்தக் கைதட்டு பாடியவருக்குத்தான். நோட்டீஸில் அவர் பெயரும் இருக்கும். வேறொருவர் குரலில் பாடுவது எங்களுக்குக் கேவலமில்லை, அது ஒரு வித்தை. கணினி நடுவில் வந்ததும் அந்த வித்தைக்காரருக்கு ஏன் பெயர் இல்லாமல் போக வேண்டும்?

வில்லும் நாணும் எழுதியது:

நான் வயலின் வாசிப்பவன், கோடம்பாக்கத்தில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசித்த காலத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்தவன். இழையை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் சொல்லியாக வேண்டும். மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி 1983இல் வந்தது. சுரங்களைப் பதிந்துவைத்துத் தானே வாசிக்கும் சீக்வென்சரும் அதோடு சேர்ந்து பரவியது. ஒரே ஆள் கீபோர்டில் பத்து வாத்தியத்தை ஓட்ட முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்தின் இசைக்கலைஞர் சங்கத்தில் லண்டன் கிளை ஒன்று, சின்தசைசரைத் தடை செய் என்று தீர்மானம் போட்டது. தடையெல்லாம் நடக்கவில்லை. நடந்திருக்கவும் வேண்டாம். அந்தக் கருவிகளால் புதிதாக எவ்வளவு நல்ல இசை வந்தது என்பதை நானே கேட்டு மகிழ்ந்தவன்.

எனக்கு வலித்தது வேறு. இன்று படங்களில் கேட்கும் வயலின் கூட்டத்தில் பெரும்பங்கு சாம்பிள், அதாவது முன்பே பதிந்துவைத்த ஒலித் துண்டுகள். அதுவும் மனிதர்கள் வாசித்ததுதான். எங்கேயோ ஒரு கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, வேகமாக, அழுத்தி, தொட்டும் தொடாமலும் வாசித்துக் கொடுத்து, ஒரு தடவை கூலி வாங்கிக்கொண்டு போனவர்கள். ஆயிரம் பாட்டில் அவர்கள் வில் ஓடுகிறது, ஒரு பாட்டிலும் பெயர் இல்லை. குரலும் அந்த வழியில் போகிறது என்பதைத்தான் மழைக்குயில் எழுதியதில் பார்க்கிறேன். எங்கள் விஷயத்தில் யாரும் ஆரம்பத்திலேயே கேட்கவில்லை. நீங்கள் இப்போதே கேளுங்கள்.

வக்காலத்து எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

முதலில் இறந்தவர் பக்கம். உயிரோடு இருக்கும் பாடகரின் குரலை அனுமதி இல்லாமல் எடுப்பது பற்றி நீதிமன்றம் தெளிவாகப் பேசிவிட்டது. 2024 ஜூலையில் அரிஜித் சிங் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு கொடுத்தது. இறந்தவர் விஷயம் அப்படி இல்லை. 2021இல் ஜெயலலிதாவைப் பற்றிய படம் தொடர்பாகத் தீபா தொடுத்த வழக்கில், ஒருவர் வாழ்நாளில் பெற்ற புகழும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடும், சொத்துபோல வாரிசுக்கு வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தெலுங்கில் 'கீடா கோலா' படத்தில் எஸ்.பி.பி. குரலைக் கேட்காமல் பயன்படுத்தியதாக அவருடைய குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோபம் நியாயமானது, சட்டத்தில் அதற்கு உறுதியான பிடி குறைவு. குடும்பத்திடம் அனுமதி வாங்குவது இன்றைக்கு நல்ல பழக்கமாகத்தான் நிற்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 2024 ஜூலை 1 முதல் குரலையும் பாதுகாக்கும் எல்விஸ் சட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை.

இப்போது பாடியவர் பக்கம். இங்கேதான் ஆச்சரியம்: உயிரோடு இருந்து பாடியவருக்குச் சட்டத்தில் கையில் நிறைய இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 38வது பிரிவு, நிகழ்த்துபவருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்த்த 38பி பிரிவு, இதை நிகழ்த்தியவர் நான் என்று அடையாளம் காட்டிக்கொள்ளும் உரிமையையும், தன் நிகழ்ச்சியைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமையையும் தருகிறது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டியும் உண்டு.

ஒரு ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். நிகழ்த்துபவர் யார் என்று விளக்கும் இடத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சினிமாவில் ஒருவருடைய பங்கு போகிறபோக்கில் வந்த சிறு பங்காக இருந்து, துறை வழக்கப்படி அவர் பெயர் எங்கும் போடப்படுவதும் இல்லை என்றால், பெயர் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. ஒரு பாட்டை முழுக்கப் பாடுவது போகிறபோக்கில் செய்கிற வேலையா? நிச்சயம் இல்லை என்றுதான் வாதாடுவேன். ஆனால் பெயர் போடாததே துறை வழக்கம் என்று ஊறிப்போனால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்து வைக்கும். சுருதிபேதம் கேட்கிற வழக்கத்தை இப்போதே உருவாக்க வேண்டும் என்பதற்கு என் காரணம் இதுதான்.

வைகைக்கரையான் எழுதியது:

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று தெரியாது. மயக்கம் கலைந்துவிடும் என்ற வாதத்தை விட்டுவிடுகிறேன், சிவாஜி–டி.எம்.எஸ். பதிலுக்கு மறுப்பு என்னிடம் இல்லை. இன்னொன்று மட்டும் கேட்கிறேன். எங்கேயாவது பெயர் சொல்லிச் செய்திருக்கிறார்களா?

சுருதிபேதம் எழுதியது:

செய்திருக்கிறார்கள். அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பாடகர் ராண்டி டிராவிஸ் 2013இல் பக்கவாதம் வந்து பேச்சையும் பாட்டையும் பெரும்பாலும் இழந்தார். 2024 மே மாதம் அவர் குரலில் ஒரு புதுப் பாட்டு வந்தது. அடிப்படைக் குரலைப் பாடியவர் ஜேம்ஸ் டூப்ரே என்ற பாடகர். பல ஆண்டுகளாக ராண்டியோடு வேலை செய்த தயாரிப்பாளர் கைல் லேனிங் அதை எடுத்து ஒவ்வொரு அசையாகச் செதுக்கினார். டூப்ரே பெயரை அவர்கள் ஒளிக்கவில்லை. பாட்டு எப்படி உருவானது என்று சொன்னபோதே அவரையும் சேர்த்துச் சொன்னார்கள். ராண்டி உயிரோடு, பக்கத்திலேயே இருந்து சம்மதித்த விஷயம் அது. அந்த வித்தியாசம் பெரியது. ஆனாலும் பாடியவர் பெயரைச் சொன்னதால் அந்தப் பாட்டுக்கு எந்தக் கேடும் வரவில்லை.

மழைக்குயில் எழுதியது:

வக்காலத்து சார், அடுத்த தடவை காகிதம் நீட்டினால் நான் என்ன கேட்க வேண்டும்? சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. வேலையும் வேண்டும்.

வக்காலத்து எழுதியது:

சண்டை வேண்டாம் அம்மா, எழுதிக் கேளுங்கள். இந்தப் பதிவு இன்ன பாட்டுக்கு மட்டும் என்று பாட்டின் பெயரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது: உங்கள் பதிவை வைத்து உங்கள் குரலுக்கே மாதிரி பயிற்றுவிக்கக் கூடாது என்று ஒரு வரி. எதற்கு வேண்டுமானாலும் என்று எழுதியிருந்தால் நாளைக்கு உங்களைக் கூப்பிடாமலே உங்கள் குரலை எடுத்துக்கொள்ள முடியும். பிறகு பெயர். பாடகர் வரிசையில் போட மறுத்தால், 'குரல் வடிவம் இன்னார், பாடியவர் இன்னார்' என்று இரண்டு வரியாகக் கேளுங்கள். வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனையை, பாட்டு வெளியாகும் வரை மட்டும் என்று மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். பாடகர்களின் ராயல்டிக்காக இயங்கும் இஸ்ரா (இப்போது இசாம்ரா) சங்கத்தில் சேர்ந்துவிட்டீர்களா? இல்லையென்றால் சேருங்கள். ஏற்கெனவே போட்ட கையெழுத்தைப் பற்றித் தனிமடலில் அந்தக் காகிதத்தின் நகலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

ஒலிப்பதிவன் எழுதியது:

என் பக்கத்திலிருந்து ஒன்று. பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பும்போது நிரப்புகிற படிவத்தில், கலைஞர் பெயரோடு அவர் செய்த வேலையையும் குறிக்க இடம் உண்டு. அதை நிரப்புவது பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆட்கள்தான். கூடத்தில் யார் பாடினார் என்பது எங்களுக்குத் தெரியும், பல நேரம் கேட்காததால் எழுதாமல் விடுகிறோம். இனி என் மேசைக்கு வரும் குரல் மாற்றப் பாட்டு எதுவானாலும், பாடியவர் பெயரைக் கேட்டு எழுதாமல் படிவத்தை அனுப்ப மாட்டேன். தயாரிப்பாளர் வேண்டாம் என்றால் அதை எழுத்தில் தரச் சொல்வேன். இங்கே இருக்கிற மற்ற ஒலிப்பதிவாளர்களும் இதைச் செய்ய முடியுமா?